பாக்குலாவும் ஐபிவி6-உம்: யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

பேக்கப் மென்பொருளுக்கு, இணையத்தின் புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐப் பழக்குவது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பாதிக்கு மேல் ஒரே வரியில் முடிந்துவிடும்: கான்ஃபிக் கோப்பில் புது முகவரியைச் சேர், சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணு. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாகப் படுத்தால், காலையில் எழுந்ததும் 'ஜாப் ஃபெயில்டு' என்று ஒரு மின்னஞ்சல் வந்து கிடக்கும். முகவரி எழுதுவது இதில் சின்ன வேலை. எந்த நிரல் எந்த நிரலைக் கூப்பிடுகிறது, கூப்பிடும்போது எந்த முகவரியைக் கையில் வைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரமெல்லாம் போகும்.

நான் இதைச் செய்தது சிங்கப்பூரின் உபி பேட்டையில் இருக்கும் ஒரு சின்னக் கணக்கு நிறுவனத்துக்காக. தொழிற்பேட்டைக் கட்டடம், கீழே கார் பட்டறைகள், மேலே இவர்கள். முதலாளி தமிழர், அறுபதைத் தாண்டியவர். கணினி பற்றி அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, ராத்திரி காப்பி எடுத்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க." கேள்வி நியாயமானது. வர்த்தக ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. இன்னொருவருடைய கணக்கைக் கையில் வைத்திருப்பவர் "டிஸ்க் போயிருச்சு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பல வருடங்களாக எல்லாம் ஒரே அலுவலகத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு டவர் சர்வர், அதில் டெபியன் லினக்ஸ், அதன் மேல் பேக்கப் எடுக்கும் பாக்குலா. கெர்ன் சிபால்ட் 2000-இல் எழுதத் தொடங்கி 2002-இல் வெளியிட்ட மென்பொருள் இது. 'இரவில் வந்து கணினியின் உயிர்ச்சாற்றை உறிஞ்சிக்கொண்டு போகும்' என்பதுதான் அதன் பழைய விளம்பரம். பார்க்கக் கரடுமுரடாக இருக்கும், கையேடு மலைபோல் இருக்கும். ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் வருடக்கணக்கில் வாய் திறக்காது.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு கிளை திறந்தார்கள். இங்குள்ள வாடிக்கையாளர்களின் கணக்குகளை அங்கே சில பேர் உட்கார்ந்து எழுதுகிறார்கள். பில்களை ஸ்கேன் செய்து, தாள்களைத் தயாரித்து, அங்குள்ள ஒரு உபுண்டு லினக்ஸ் பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். அந்தப் பெட்டியும் இரவில் உபிக்கு வந்து சேர வேண்டும். அங்கேதான் பழைய முகவரி முறையான ஐபிவி4 கையை விரித்தது.

காரணம் எல்லாருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். ஐபிவி4 முகவரி 32 பிட். மொத்தமே சுமார் 429 கோடி. உலகளாவிய கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டுவிட்டன. ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி ஒதுக்கும் ஏப்நிக் அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுதியில் கை வைத்தது. அதற்குப் பிறகு பெரிதாக வளர்ந்த இணைய இணைப்பு நிறுவனங்கள் என்ன செய்யும்? ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. நம் ரவுட்டருக்கு 100.64-இல் தொடங்கும் ஓர் உள் முகவரி கிடைக்கும். வெளியிலிருந்து அதைக் கூப்பிட வழியில்லை. அதே நிறுவனம் ஐபிவி6-ஐத் தாராளமாக அள்ளிக் கொடுக்கும். 2016-இல் ஜியோ வந்த பிறகு இந்தியா ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசைக்குப் போனதற்கும் இந்தப் பற்றாக்குறை ஒரு காரணம். கோயம்புத்தூர்க் கிளையில் நிலையான ஐபிவி4 முகவரி வேண்டுமென்றால் தனிக்கட்டணம் என்றார்கள். நிலையான ஐபிவி6 பகுதி, /56 அளவில், இணைப்போடு சேர்ந்தே வந்தது. ஒரு /56-க்குள் 256 தனி வலையமைப்புகள். அங்கே இருப்பது நாலு கணினியும் ஒரு பிரிண்டரும்.

இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் விபிஎன் என்ற தனிக் குழாய் போட்டு முடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடித்திருக்கலாம்தான். வேறு இடங்களில் நானே அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், இன்னும் ஓடுகிறது. ஆனால் பேக்கப்புக்கும் சர்வருக்கும் நடுவில் இன்னொரு மென்பொருள் நின்றால், அது விழும்போதெல்லாம் பேக்கப்பும் சேர்ந்து விழும். இரண்டு பக்கமும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் முகவரி ஏற்கெனவே இருக்கும்போது நடுவில் குழாய் எதற்கு என்பது என் கட்சி. மாற்றுக்கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பாக்குலா ஒரு நிரல் அல்ல, மூன்று. டைரக்டர் என்பது மேற்பார்வையாளர், 9101 போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள கதவில், இருக்கும். மற்ற இரண்டும் டீமன்கள், அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள். ஃபைல் டீமன் காப்பி எடுக்கப்பட வேண்டிய கணினியில் உட்கார்ந்திருக்கும், 9102. ஸ்டோரேஜ் டீமன் தரவை வாங்கி டிஸ்க்கிலோ டேப்பிலோ எழுதும், 9103. இரவு மணி அடித்ததும் டைரக்டர் முதலில் ஸ்டோரேஜ் டீமனைக் கூப்பிட்டு இடம் தயாரா என்று கேட்கிறது. அடுத்து ஃபைல் டீமனைக் கூப்பிட்டு வேலையைச் சொல்கிறது. அதன் பிறகு ஃபைல் டீமன் தானாகவே ஸ்டோரேஜ் டீமனைக் கூப்பிட்டுத் தரவைக் கொட்டுகிறது. இந்தத் தரவு டைரக்டர் வழியாகப் போவதில்லை. ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தால் போதும், மீதி வேலையில் பாதி குறைந்துவிடும்.

அந்தப் படத்தைப் பார்த்தாலே ஒன்று தெரியும். டைரக்டரை வெளியிலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை, நாம் கட்டளை தட்டும் கன்சோலைத் தவிர. அந்தக் கன்சோலும் அதே சர்வரில்தான் இருக்கிறது. ஆகவே டைரக்டரின் 9101-ஐ ஐபிவி6-க்குத் திறக்கவே வேண்டாம், தன் கணினிக்குள் மட்டும் செல்லும் 127.0.0.1-லேயே கிடக்கட்டும். பல வழிகாட்டிகள் மூன்றையும் திறக்கச் சொல்கின்றன. தேவையில்லாமல் ஒரு போர்ட்டை உலகத்துக்குக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. திறக்க வேண்டியவை இரண்டு: கோயம்புத்தூரில் 9102, உபியில் 9103. கிளையண்ட், அதாவது காப்பி எடுக்கப்படும் கணினி, தானே டைரக்டரைக் கூப்பிடும் முறையை அமைத்தால் கதை மாறும், அப்போது 9101-உம் வேண்டும்.

டெபியன், உபுண்டுப் பொதிகளில் வரும் கான்ஃபிக் கோப்பில் மூன்றுமே 127.0.0.1-இல் காத்திருக்கும்படி எழுதியிருக்கும். அதாவது தன் கணினியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே எடுக்கும். ஃபைல் டீமனின் கோப்பில் 'எஃப்டி-அட்ரஸ்' என்ற வரி இருக்கும். அதை எடுத்துவிட்டு, பன்மையில் 'எஃப்டி-அட்ரசஸ்' என்ற தொகுதியை எழுத வேண்டும். அதற்குள் 'ஐபிவி4', 'ஐபிவி6' என்று தனித்தனிக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகவரி, ஒரு போர்ட். வெறும் 'ஐபி' என்று எழுதினால் இரண்டு வகை முகவரியையும் ஏற்கும். பன்மைத் தொகுதியை எழுதிய பிறகு ஒருமையில் உள்ள அட்ரஸ் வரியும், தனியாக உள்ள போர்ட் வரியும் அதே பகுதியில் இருக்கக் கூடாது என்று கையேடே சொல்கிறது. ஸ்டோரேஜ் டீமனுக்கும் இதே கதைதான், பெயரின் முன்னொட்டு மட்டும் 'எஸ்டி'.

இங்கே லினக்ஸின் குணம் ஒன்று குறுக்கே வரும். ஐபிவி6-இல் 'எல்லா முகவரிகளும்' என்பதற்கு :: என்று எழுதுவோம். லினக்ஸில் இயல்பாக, :: மேல் காத்திருக்கும் நிரல் ஐபிவி4 அழைப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் 0.0.0.0 என்று இன்னொரு கட்டம் அதே போர்ட்டில் எழுதினால், 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று அடம்பிடித்து டீமன் எழும்பாமல் போகலாம். சில மென்பொருள்கள் 'ஐபிவி6 மட்டும்' என்ற கொடியைத் தாங்களே போட்டுக்கொள்ளும், அங்கே தகராறு வராது. எது எப்படி என்று மனப்பாடம் செய்வதைவிட, ரீஸ்டார்ட் செய்த கையோடு எஸ்எஸ் கட்டளையைத் தட்டி, எந்த முகவரியில் எந்த போர்ட் காத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. என் வழக்கம் :: என்று பொதுவாக எழுதாமல், அந்தக் கணினியின் நிலையான முகவரியையே எழுதுவது. தகராறும் இல்லை, வேண்டாத பக்கம் கதவும் திறக்காது.

இதையெல்லாம் முடித்து கன்சோலில் 'ஸ்டேட்டஸ் கிளையண்ட்' என்று கேட்டால் கோயம்புத்தூர் அழகாகப் பதில் சொல்லும். பதிப்பு எண், ஓடி முடிந்த வேலைகள், எல்லாம் வரும். பார்ப்பவருக்கு வேலை முடிந்துவிட்டது போலவே இருக்கும். ஆனால் அந்தக் கட்டளை சோதிப்பது டைரக்டர் ஃபைல் டீமனைக் கூப்பிடும் ஒரே ஓர் அம்புக்குறியை மட்டும்தான். தரவு போகும் அம்புக்குறியை அது தொடவே இல்லை.

வேலையை ஓடவிட்டால் தெரியும். ஃபைல் டீமன் அரைமணி நேரம் எதையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பிறகு '2000 ஓகே ஸ்டோரேஜ் எதிர்பார்த்தேன், 2902 பேட் ஸ்டோரேஜ் வந்தது' என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தியைக் கக்கிவிட்டுச் செத்துவிடும். பாக்குலா வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இந்த 2902-ஐத் தெரியும். அந்த அரைமணி, ஸ்டோரேஜ் டீமனைத் தொடர்புகொள்ள அது இயல்பாக எடுத்துக்கொள்ளும் கெடு.

என்ன நடக்கிறது என்றால், ஸ்டோரேஜ் டீமன் எங்கே இருக்கிறது என்பது ஃபைல் டீமனுக்குத் தெரியாது. டைரக்டர்தான் சொல்லும். டைரக்டரின் கான்ஃபிக்கில் 'ஸ்டோரேஜ்' பகுதியில் உள்ள முகவரியை எழுத்து மாறாமல் அப்படியே எடுத்து ஃபைல் டீமனிடம் கொடுக்கும். உபியில் எல்லாம் ஒரே அலுவலகமாக இருந்தபோது அங்கே 192.168 என்று தொடங்கும் முகவரி எழுதப்பட்டிருந்தது. அந்த நாளில் அதுதான் சரி. இப்போது கோயம்புத்தூர்ப் பெட்டி அதே முகவரியை வாங்கிக்கொண்டு தன் அலுவலகத்துக்குள்ளேயே தேடுகிறது. ஊரிலிருந்து முதல்முறையாக வரும் மாமாவிடம் "புளோக் கீழே காப்பிக்கடையில இருக்கேன், வந்துருங்க" என்று சொல்வது போல. எந்தப் பேட்டை, எந்த புளோக்? அங்கே 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதக் கூடாது என்று பாக்குலா கையேடு படித்துப் படித்துச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஆக, முதலிரண்டு அழைப்பும் சரியாகப் போய், மூன்றாவதில் கையில் கொடுக்கப்பட்ட சீட்டு பழையதாக இருக்கிறது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, அந்த இடத்தில் எண்ணை எடுத்துவிட்டுப் பெயரை எழுதுவது. பெயரை முகவரியாக்கிக் கொடுக்கும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு ஐபிவி4-க்கு 'ஏ' ரெக்கார்டு, ஐபிவி6-க்கு 'ஏஏஏஏ' ரெக்கார்டு, இரண்டும் வைத்துவிடலாம். உபிக்குள் இருக்கும் கணினிகள் உள் முகவரியையும், கோயம்புத்தூர் ஐபிவி6 முகவரியையும் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, டைரக்டரின் கோப்பில் அந்தக் கிளையண்டுக்கு மட்டும் 'எஃப்டி ஸ்டோரேஜ் அட்ரஸ்' என்று தனி முகவரி கொடுப்பது. புதிய பதிப்புகளில் இதற்கு வழி இருக்கிறது. நான் பெயர் வழியைத்தான் எடுத்தேன். நாளைக்கு உபி அலுவலகம் இணைப்பு நிறுவனத்தை மாற்றினால் டிஎன்எஸ்ஸில் ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

பெயர் வழியில் ஒரு விலை உண்டு. இரண்டு முகவரி இருக்கும் பெயரில் எதை முதலில் முயல்வது என்பது நிரலுக்கு நிரல் வேறுபடும். முதலில் முயலும் முகவரி உடனே மறுத்துவிட்டால் அடுத்ததற்குத் தாவிவிடும், கவலையில்லை. நடுவில் உள்ள ஃபயர்வால் மறுக்காமல் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டால், லினக்ஸ் இயல்பாகச் சுமார் இரண்டு நிமிடம் முட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடும். பேக்கப் ஓடுகிறது, ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுத் தொடங்குகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஃபயர்வால் என்றதும் இன்னொரு விஷயம். லினக்ஸின் பழைய ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் எழுதிய விதிகள் ஐபிவி4-க்கு மட்டும். ஐபிவி6-க்கு ஐபி6டேபிள்ஸ் என்று தனிப் பட்டியல். அதன் வாரிசான என்எஃப்டேபிள்ஸில் இரண்டையும் ஒரே பட்டியலில் எழுத முடியும், புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சர்வர்களில் ஐபிவி4 பக்கம் பூட்டு மேல் பூட்டு போட்டிருப்பார்கள், ஐபிவி6 பக்கம் ஒரு வரிகூட இருக்காது. ஐபிவி4-இல் ரவுட்டரின் முகவரி மாற்றம் தற்செயலாக ஒரு மதில் போல நின்று காப்பாற்றியது. ஐபிவி6-இல் அந்த மதில் இல்லை, ஒவ்வொரு கணினிக்கும் நேரடி முகவரி.

சரி, கோயம்புத்தூர்ப் பெட்டிக்கு மட்டும் 9103-ஐத் திறக்கலாம் என்று அதன் முகவரியை விதியில் எழுதினால் ஒருநாள் ஓடும், மறுநாள் நின்றுவிடும். உபுண்டுவில் தற்காலிக முகவரி முறை இயல்பாகவே இயங்குகிறது. நம்மைத் தொடர்ந்து கண்காணிக்க முடியாதபடி, வெளியே போகும் அழைப்புகளுக்கு நாள்தோறும் ஒரு புது முகவரியை உருவாக்கிக்கொள்ளும். உலாவிக்கு நல்லது, ஃபயர்வால் விதிக்குத் தலைவலி. விதியில் அந்த அலுவலகத்தின் /64, அதாவது அந்த ஒரு வலையமைப்பு, முழுவதையும் எழுதிவிட வேண்டும், அல்லது அந்தப் பெட்டியில் தற்காலிக முகவரியை நிறுத்திவிட வேண்டும். சர்வர் வேலை பார்க்கும் பெட்டிக்கு ஒளிந்து விளையாட என்ன அவசியம்? நிறுத்திவிட்டேன்.

இவ்வளவும் ஆன பிறகு வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கோளாறு. இணைப்பு கிடைக்கிறது, கடவுச்சொல் சரிபார்ப்பு முடிகிறது, வேலை தொடங்குகிறது, சில கிலோபைட் வந்ததும் அப்படியே உறைந்துவிடுகிறது. லாகில் பிழை எதுவும் இல்லை. கிளைக்கு அதற்கு முன்பு வேலை பார்த்த யாரோ ஒருவர், பாதுகாப்பு என்ற பெயரில், கணினிகளும் ரவுட்டர்களும் ஒன்றுக்கொன்று நிலவரம் சொல்லும் ஐசிஎம்பி செய்திகளை மொத்தமாக அடைத்து வைத்திருந்தார். ஐபிவி4 காலத்தில் 'பிங்'கை அடைப்பது ஒரு வழக்கமாகவே இருந்தது, பெரிய சேதம் இல்லை. ஐபிவி6-இல் வழியில் உள்ள ரவுட்டர்கள் பெரிய பாக்கெட்டைத் துண்டு போட்டு அனுப்பாது. 'இது பெரிதாக இருக்கிறது, சின்னதாக்கி அனுப்பு' என்று ஓர் ஐசிஎம்பிவி6 செய்தியைத் திருப்பி அனுப்பும். அது வகை எண் 2. அந்த இணைப்பு பிபிபிஓஇ என்ற வகை, ஒரு பாக்கெட்டில் 1500 பைட்டுக்குப் பதில் 1492-தான் கொள்ளும். சரிபார்ப்புச் செய்திகள் சின்னவை, நுழைந்துவிட்டன. கோப்பின் தரவு முழு அளவுப் பாக்கெட்டாகக் கிளம்பியதும் ரவுட்டர் திருப்பி அனுப்பிய செய்தி பெட்டியின் காதில் விழவே இல்லை. வகை 2-ஐத் திறந்ததும் தரவு ஓடத் தொடங்கியது. 133 முதல் 136 வரையிலான வகைகளையும் திறந்தே வைத்திருங்கள், பக்கத்தில் இருக்கும் ரவுட்டரையும் மற்றக் கணினிகளையும் கண்டுபிடிக்க அவை வேண்டும்.

இந்த உறைதலை வைத்து "ஐபிவி6 சரியில்லை" என்று முடிவுகட்டி அதை அணைத்துவிட்டவர்கள் நிறைய. சிராங்கூன் சாலைப் பக்கம் கடைகளுக்கு நெட்வொர்க் பார்க்கும் என் நண்பர் ஒருவர் எங்கே போனாலும் முதலில் ஐபிவி6-ஐ அணைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவார். "மச்சான், தொல்லை விட்டுச்சு" என்பார். கோயம்புத்தூர் மாதிரி ஓர் இணைப்பு வரும்போது அவர் என்ன செய்வார் என்று பார்க்க ஆசை.

மற்ற மென்பொருள்களைப் பற்றி ஓரிரு வரி. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் ஐபிவி6 முகவரியைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும், இல்லாவிட்டால் எது முகவரி, எது கோப்புப் பாதை என்று அதற்குப் புரியாது. இரண்டையும் பிரிப்பது முக்காற்புள்ளிதான். பேக்கப்பிசி என்ற இன்னொரு பேக்கப் மென்பொருள் வேலையைத் தொடங்கும் முன் கணினி உயிரோடு இருக்கிறதா என்று பிங் செய்து பார்க்கும். ஐபிவி6-க்கான பிங் எங்கே இருக்கிறது என்று அதன் கான்ஃபிக்கில் தனியாகச் சொல்ல வேண்டும். எதை எடுத்தாலும் எஃப்இ80 என்று தொடங்கும் முகவரியை மட்டும் கான்ஃபிக்கில் எழுதாதீர்கள். அது அந்த ஒரு கம்பிக்குள் மட்டுமே செல்லும், கம்பியின் பெயரையும் கூடவே சொல்லாவிட்டால் அங்கேயும் செல்லாது.

தரவு இரண்டு நாட்டுக்கு நடுவில் பொது இணையத்தில் போகிறது என்பதால் மறையாக்கம் கட்டாயம். சம்பளப் பட்டியல், அடையாள எண் எல்லாம் அதில் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இலேயே வந்துவிட்டது. பாக்குலா 11-ஆம் பதிப்பிலிருந்து டீமன்கள் தமக்குள் தானாகவே டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையில் பேசிக்கொள்கின்றன. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் சான்றிதழ்களை உருவாக்கிக் கையால் அமைக்க வேண்டும். பேக்கப்புக்காகப் பதிப்பை உயர்த்தலாமா என்று தயங்குபவர்களுக்கு இந்த ஒன்று போதுமான காரணம்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அட்டவணை டைரக்டரின் கடிகாரப்படி ஓடும். இங்கே இரவு பத்தரை என்றால் அங்கே எட்டு மணிதான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதக் கடைசிகளில் காலாண்டு ஜிஎஸ்டி படிவத்துக்காக அந்நேரம் வரை உட்கார்ந்திருப்பார்கள். நான் இங்குள்ள நேரப்படி இரவு ஒன்றரைக்கு வைத்தேன். அங்கே பதினொன்று.

ஒரு சனிக்கிழமை, கோயம்புத்தூர்ப் பெட்டியிலிருந்த ஒரு வாடிக்கையாளரின் கோப்புறையை வேறு பெயரில் மீட்டெடுத்து, முதலாளி முன்னால் திறந்து காட்டினேன். இரண்டு தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "அங்க எழுதினது இங்க வந்துருச்சு. சரி, அப்ப காலையில வர்ற மெயில் ஏன் வரலை?"

அதுவும் ஐபிவி6-இன் வேலைதான். சர்வருக்கு ஐபிவி6 முகவரி கிடைத்ததும், அஞ்சல் அனுப்பும் பாக்குலாவின் பிஎஸ்எம்டிபி நிரல் அறிக்கையை அந்த வழியாகவே அனுப்பத் தொடங்கியிருந்தது. முகவரியை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் பின்தேடல் பெயர்ப் பதிவு அந்த முகவரிக்கு இல்லை. பெரிய மின்னஞ்சல் சேவைகள் அப்படிப்பட்ட ஐபிவி6 முகவரியிலிருந்து வரும் அஞ்சலை வாசலிலேயே திருப்பிவிடும். முறையாகச் செய்வதென்றால் இணைப்பு நிறுவனத்திடம் எழுதிப் பதிவு வாங்க வேண்டும், அவர்கள் பதில் போட வேண்டும். பிஎஸ்எம்டிபிக்கு ஐபிவி4-ஐ மட்டும் பயன்படுத்து என்று சொல்ல '-4' என்று ஒரு குறி இருக்கிறது. டைரக்டரின் கோப்பில் அஞ்சல் கட்டளை வரியில் அதைச் சேர்த்துவிட்டு ரீலோடு செய்தேன். "நாளைக்குக் காலையில வந்துரும் அண்ணே" என்றேன். "வரலைன்னா கூப்பிடுறேன்" என்றார்.